துண்டு வெட்டியாச்சு

தெமோதரையில் பஸ் நிற்கும் முன்பே கலாராணி எழுந்துவிட்டாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. அதில் அண்ணன் கட்டியிருந்த சாரம், சீப்பு, பாதி படித்த ஒரு நாவல். அண்ணன் நிஷாந்த் காலையில் இறந்துபோனான். மாமா பதுளை ஆஸ்பத்திரியிலேயே நின்றுகொண்டார். அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன் என்று இவள்தான் பிடிவாதமாக வந்தாள்.

எந்தச் சொல்லால் சொல்வது?

அவன் புத்தகக் கடையில் வேலை செய்தவன். நல்ல சொல்லொன்று கிடைத்தால் நாள் முழுக்க வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பான். போன மாதம் பக்கத்து லயத்து வீட்டுக் கிழவர் ‘தவறிட்டாராம்’ என்று அம்மா சொன்னதற்கு, “எதம்மா தவறினாரு, பதுளை பஸ்ஸையா?” என்றான்.

“வாயக் கழுவுடா!” அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அவன் தலையைக் குனிந்து தப்பித்துக்கொண்டே, “காலமானார்னு போடுறாங்க பாரு கலா. ஆளே காலமா ஆயிடுறாரு. யாரு கண்டுபிடிச்சிருப்பா?” என்றான்.

காலையில் நர்ஸ் சிங்களத்தில் சொன்ன சொல்லுக்கு, இல்லாமல் போனார் என்று பொருள். அதையும் ரசித்திருப்பான்.

மலைப்பாதையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தவறிட்டான். காலமாயிட்டான். போயிட்டான். எங்கே என்று அம்மா கேட்பாள். இன்னொரு சொல் இருந்தது. அதை மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை.

மேலே பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நின்ற அம்மா மாரியாயி இவளைப் பார்த்துவிட்டாள்.

“என்னாடி, துண்டு வெட்டிட்டாங்களா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவதை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“வெட்டிட்டாங்கம்மா.”

பொய்யில்லை; உடலை வெளியே விடவும் துண்டு வெட்டத்தான் வேண்டும். ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்தது.

“மாரியாத்தா கைவிடல பாத்தியா! எங்கடி அவன்? கீழ நிக்கிறானா?”

“மாமா... எடுத்துட்டு வர்றாரு.”

கூட்டிட்டு என்று வந்திருக்க வேண்டிய சொல்.

பக்கத்து நிரையில் ஒரு கை நின்றது. பிறகு எல்லாக் கைகளும் நின்றன. யாரோ ஒருத்தி வந்து, மாரியாயியின் தலையிலிருந்து கயிற்றை விலக்கி முதுகுக் கூடையை இறக்கினாள்.

மாரியாயி திரும்பவில்லை. பறித்துக்கொண்டேயிருந்தாள். ஒவ்வொரு பிடியும் தோளுக்கு மேலாகப் போய், கூடையில்லாத முதுகில் பட்டு, மண்ணில் விழுந்தது.