வெல்மா மிட்டாய் வாங்கப் போன கதை

ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் இந்தச் சின்ன ஊர்க்காரர்களுக்கு மட்டும் மண்டையில் ஏறாது. ஹாலோவீன் என்ற பேய்த் திருநாள் அக்டோபர் முப்பத்தோராம் தேதி என்றால், இங்கே பிள்ளைகள் வேஷம் கட்டி மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவது முப்பதாம் தேதி. போய்ச் சும்மா கை நீட்டினால் மிட்டாய் கிடையாது. ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும். மறுநாள் வாசல் விளக்குகளை அணைத்துவிட்டு ஊரே அடங்கிவிடும். உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று வெல்மா டிபெட் பிறந்ததிலிருந்தே நம்பிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் முப்பத்தோராம் தேதி சாயங்காலம் யாரோ கதவைத் தட்டியதும் எரிச்சலோடு திறந்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த டெக்சாஸ்காரர்களின் மகள், சின்னப்பெண் டெஸ்ஸா, தேனீ வேஷத்தில் காலி வாளியோடு நின்றாள்.

"அடடா, அது நேத்தே முடிஞ்சுபோச்சே கண்ணு!"

"சரிங்க மேடம்."

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. இறக்கை ஒரு பக்கம் சரிய, தெருவைக் கடந்து போய்த் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டது. அங்கே பூசணிக்காய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறைய மிட்டாய், ஒருவர் கையும் படாமல்.

அப்போதுதான் வெல்மாவுக்கு உறைத்தது. வாங்கப் போனாலும் கொடுப்பார் இல்லை; கொடுக்க உட்கார்ந்தாலும் வருவார் இல்லை. நேற்று அந்த வீட்டில் வாசல் விளக்கு எரியாததைப் பார்த்து, 'கஞ்சப் பிசினாறிங்க' என்று வைதவளும் இவள்தான். ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா? புது ஊரில் தன்னை யாருக்குமே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதானே அந்தப் பிஞ்சு இன்றைக்குத் தூங்கும்?

பக்கத்து வீட்டுக் கிழவர் லோவலுக்குப் போன் போட்டாள்.

"லோவல், மிட்டாய் மிச்சம் இருக்கா?"

"இருந்துச்சு. மத்தியானம் தின்னுட்டேன்."

"சர்க்கரை வியாதியை வச்சுக்கிட்டா? வெக்கமா இல்ல உனக்கு?"

"திட்டறதுக்கா கூப்பிட்ட?"

விஷயத்தைச் சொன்னாள்.

"பாவம் புள்ள. எனக்கு அடுத்த வீட்டு ஹாரியட்கிட்டயும் இருக்காதே, அவ பேரப்பசங்க வழிச்சுத் தொடைச்சிட்டுப் போயிட்டாங்க. கடையும் பூட்டியாச்சு. குடுக்க நம்மகிட்ட என்ன இருக்கு வெல்மா?"

வெல்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டெஸ்ஸாவின் அம்மா வெளியே வந்து, பூசணிக்காய்க்குள் இருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். கிண்ணத்தையும் குழந்தையையும் உள்ளே கொண்டுபோனாள்.

"குடுக்க ஒண்ணும் இல்லன்னா, அவங்ககிட்ட வாங்கப் போவோம். படுக்கை விரிப்பைப் பேய் மாதிரிப் போத்திக்கிட்டு வா. ஹாரியட்டையும் இழுத்துட்டு வா."

"இந்த வயசுல வேஷமா? ஊரே சிரிக்கும்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். சீக்கிரம் வாய்யா, புள்ள தூங்கிடப் போகுது!"

செத்துப்போன புருஷனின் வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டாள். முட்டிவலி உயிரை எடுத்தது. இருந்தாலும் மூவரில் அவள்தான் முதலில் போய்க் கதவைத் தட்டினாள்.

"மிட்டாய் தர்றீங்களா, சேட்டை பண்ணவா?" என்று விரிப்புக்குள்ளிருந்து லோவல் கத்தினார்.

டெஸ்ஸாவின் அம்மா கதவைத் திறந்தாள். தலை நிறைய முடியைச் சுருட்டி வைக்கும் சுருளைகளோடு நின்ற ஹாரியட், "எனக்கு வேஷமே வேண்டாம்மா, இந்த மூஞ்சியே போதும்," என்றாள்.

அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து டெஸ்ஸா எட்டிப் பார்த்தாள். ஒரு இறக்கையை அதற்குள் கழற்றியிருந்தார்கள். கண் சிவந்திருந்தது. வெல்மா சல்லடையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குனிந்தாள்.

"கண்ணு, இந்த ஊர்ல ஜோக் சொன்னாத்தான் மிட்டாய். அதனால நான் சொல்றேன். எலும்புக்கூடு விருந்துக்குப் போயும் ஏன் சாப்பிடல?"

"ஏன்?"

"வயிறே இல்லையே!"

டெஸ்ஸா சிரிக்கவில்லை. சல்லடையை, விரிப்பை, சுருளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விழுந்தடித்துக்கொண்டு கிண்ணத்தை எடுக்க ஓடினாள்.

"அப்பா! எழுந்து வாங்கப்பா! நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க, நம்ம வீட்டுக்கே வந்திருக்காங்க!"