அவளோடு போன சாமி

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சின்னவள் போனில் சொன்னாள். சின்னவள் என்றால் அவருடைய மனைவியின் தங்கை. "கால் இப்ப பரவாயில்ல மாமா, கம்பு ஊன்றி நடக்கிறேன். அக்கா இல்லாத வீட்டுக்குள்ள கால் வைக்கணும்னு நினைச்சாலே நெஞ்சை அடைக்குது. ஆனா வராம தீராது. சாமியை நான்தானே எடுத்துட்டுப் போகணும்?" என்றாள்.

"வாம்மா, வா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

சாமிப் பெட்டி அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில், மனைவி வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருந்த சாமிதான் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. மனைவியைச் சந்தித்ததே ஒரு லிஃப்ட்டில்தான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டின் கதவை அவர் நெம்பித் திறந்தபோது, உள்ளே இருந்தவள் நன்றி சொல்லவில்லை. "ஏங்க, இவ்வளவு நேரமா வர்றது?" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் அதே கேள்விதான். குழந்தை இல்லை. அந்தக் கேள்வியும் சின்னவளின் போனும்தான் அந்த வீட்டின் கலகலப்பு.

வெளியாட்கள் கணக்கில் இருவரும் இந்துக்கள், அத்தோடு கதை முடிந்தது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் அல்லவா தெரியும். அவர் லிங்கம் கட்டும் குடும்பம். கோயிலும் வேண்டாம், அங்கே யார் முன்னால் நிற்பது யார் பின்னால் நிற்பது என்ற சண்டையும் வேண்டாம் என்று பல நூறு வருஷத்துக்கு முன்னால் முறித்துக்கொண்டு வந்தவர்களின் வழி. ஆளுக்கொரு சின்ன லிங்கம். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, காலையில் இடது உள்ளங்கையில் வைத்துப் பூஜை செய்வார்கள். அவரவர் சாமி அவரவருக்கு. செத்தால் எரிப்பதில்லை, புதைப்பார்கள். லிங்கமும் அதே உள்ளங்கையில் கூடவே போகும். போனவர் சாமியோடு கலந்துவிட்டார் என்பது அவர்கள் கணக்கு. அதனால் திதி கிடையாது, ஒப்பாரி கிடையாது, கூப்பிட அங்கே யாரும் மிச்சம் கிடையாது.

மனைவியின் வழி வேறு. அவர்களுடையது பெண்களின் சாமி. தாயிடமிருந்து மூத்த மகளுக்கு வரும்; மகள் இல்லாவிட்டால் தங்கைக்கு. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருட்டில் கும்பிடுவார்கள். ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவளைத் தன் வழிக்கு மாற்றச் சொல்லி அவருடைய சொந்தக்காரர்கள் குடைந்தபோது, "அவ சாமி அவளுக்கு, என் சாமி எனக்கு. நமக்கும் அதுதானே முறை?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார்.

அப்படித்தான் ஓடியது. காலையில் அவர் முன்னறையில் உள்ளங்கையைப் பார்த்து உட்காருவார். அவள் சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். முடித்துவிட்டு இருவரும் அடுக்களையில் சந்திப்பார்கள்.

"உங்க சாமி என்ன சொல்லுது?"

"டீ கேக்குது."

"எங்க சாமி உங்களையே போடச் சொல்லுது."

ஒரு காலையில் சின்ன அறைக் கதவு திறக்கவே இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். சின்னவள் அன்று காலொடிந்து, ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தாள். மனைவியின் பக்கத்தில் கேட்க வேறு ஆள் இல்லை. அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் வந்து, தங்கள் வழக்கப்படி எல்லாம் ஏற்பாடு செய்தார். தூக்கும் நேரத்தில் லிஃப்ட்காரரின் கண் மனைவியின் இடது கையில் போய் நின்றது. உள்ளங்கை விரிந்து, வெறுமையாக இருந்தது. அவருடைய குடும்பத்தில் வெறுங்கையோடு யாரும் மண்ணுக்குள் போனதில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. சின்ன அறைக்குள் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெட்டியைத் தடவித் திறந்து, உள்ளே இருந்த துணி முடிச்சை எடுத்து வந்து அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினார். கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. அவள் முறையையும் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவள் வீட்டுச் சாமி ஓர் ஆளுடைய சாமி அல்ல, ஒரு வம்சத்தின் சாமி என்பது சின்னவளின் போன் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மோட்டார் ரூமில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தவரை வயர்மேன் விடவில்லை. மூஞ்சியே சரியில்லை என்று துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"அண்ணே, எங்க வீட்டுல பெருமாளே ஒரு கறுப்புக் கல்லுதான். அதுக்குப் படைக்காம எங்கம்மா பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்க. வெளியூர் போனா அவரும் கூடவே பையில வருவாரு. நீங்க அதைப் போய்ப் புதைச்சிட்டீங்களே!"

சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. அவர் உருவமே கூடாது என்கிற சபையில் சேர்ந்தவர். "எங்கும் நிறைஞ்சதைப் பெட்டிக்குள்ள தேடினா இப்படித்தான்யா. காணாமப் போறதெல்லாம் கடவுளா?" என்றார்.

"சார், உங்களுக்கென்ன, ஒண்ணுமே வைக்கல, ஒண்ணுமே தொலையாது" என்றான் வயர்மேன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இருட்டுலதானே கும்பிடுறாங்க? ஒரு கல்லைத் துணியில சுத்தி உள்ள வெச்சிடுங்க. யாரு பாக்கப் போறா?"

லிஃப்ட்காரர் அவனை முறைத்தார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு கல் இருந்தது.

அவருக்குத் திட்டு வாங்கப் பயமில்லை. சின்னவள் கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வர மாட்டாள். இந்த உலகத்தில் அவரை 'மாமா' என்று கூப்பிட இனி ஒரு குரல் இருக்காது. வாரம் ஒருமுறை வரும் அந்தப் போனும் நின்றுவிட்டால், வேலை முடிந்து வந்து பேச அவருக்குச் சுவர்தான். கல்லைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

சின்னவள் வந்தாள். கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொடியில் இன்னும் தொங்கிய அக்காவின் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சின்ன அறை வாசலில் நின்று, "நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன் மாமா. எவ்வளவோ பேச வேண்டியிருக்கு. அவ போனப்ப ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட முடியாமக் கிடந்தேனே" என்றாள்.

அந்தக் கண்ணீர் மோட்டார் ரூம் கல்லுக்கு முன்னால் விழப்போகிறது என்று நினைத்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

"உள்ள போகாதம்மா" என்றார். "அங்க சாமி இல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கல்லையும் மறைக்கவில்லை. சின்னவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, கல்லைக் கொண்டுவந்து மேசையில் டக்கென்று வைத்தாள்.

"இதையா நான் கும்பிட்டிருப்பேன்? கிரீஸ் நாத்தம்கூடப் போகல!" என்று கத்தினாள். "எங்கம்மா, அவங்கம்மா, அவங்களுக்கும் அம்மான்னு கை மாறிக் கை மாறி வந்தது மாமா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீ மயக்கத்துல கிடந்தேம்மா."

"முழிக்கிறவரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?"

"அவ கை வெறுங்கையா இருந்துச்சு" என்றார்.

சின்னவள் திரும்ப உள்ளே போய்க் காலிப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு, "எங்க வெச்சிருக்கீங்கன்னு காட்டுங்க" என்றாள்.

பொது இடுகாட்டில் கடைசி வரிசை. மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது. சின்னவள் கட்டுப் போட்ட காலை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த முடிச்சுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பாக்கலம்மா. சத்தியமா."

"பாக்கலன்னு எனக்குத் தெரியும். மண்ணு மாமா. எங்க வம்சத்துல எப்பவோ ஒருத்தி பிள்ளைப்பேறுல செத்துப்போனா. அவளைப் புதைச்ச இடத்து மண்ணை அவ தங்கச்சி முடிஞ்சு எடுத்துட்டு வந்தா. அவதான் எங்க சாமி. அக்கா மூஞ்சியைக் கடைசியா பாக்கக் குடுத்துவைக்காத தங்கச்சி, அதனாலதான் இருட்டுல கும்பிடறதுன்னு அம்மா சொல்லுவாங்க."

சின்னவள் கையில் மண்ணை அள்ளினாள். பொலபொலவென்று விரலிடுக்கில் கொஞ்சம் உதிர்ந்தது.

"இது சரியா தப்பான்னு கேக்க எனக்கு மேல யாரும் இல்ல. நான்தான் கடைசி. அந்தத் தங்கச்சி மட்டும் யாரைக் கேட்டா?" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "அவளும் உள்ளதான் இருக்கா, அக்காவும் உள்ளதான் இருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்தே வரட்டும். மாமா, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் துணி முடியும் சத்தம் கேட்டது. பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

அவருடைய வழியில் மனைவி கரைந்துபோய்விட்டாள். பேச ஆள் இல்லை. சின்னவள் வழியில் அவள் இருக்கிறாள். ஆனால் அவர் பார்க்கக் கூடாத சாமியாகிவிட்டாள். இரண்டு கணக்கிலும் அவருக்குப் பங்கு விழவில்லை.

"எனக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போறியாம்மா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஆம்பளைங்ககிட்ட இது நிக்காது மாமா" என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போன் பண்றேன். எப்பவும்போல."

பஸ் நிலையத்தில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கம்பை மேலே செருகிவிட்டு இறங்கினார். பெட்டியைச் சின்னவள் மடியில் வைக்காமல் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பஸ் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் கீழே ஜன்னலோரம் நின்றார்.

"பக்கத்துல ஆள் வருதாம்மா?" என்று யாரோ கேட்டது அவர் காதில் விழுந்தது.

"ஆள் இருக்காங்க" என்றாள் சின்னவள். "எங்க அக்கா."

மனைவி போன நாளிலிருந்து யாரும் அவளை 'இருக்காங்க' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கப் போனார். பிறகு ஞாபகம் வந்து, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். சக்கரம் உருளும் சத்தம் தெருமுனை திரும்பி ஓயும்வரை அவர் அப்படியே நின்றார்.