சாமி மாடு தின்ற கத்தரிக்காய்

கார்த்திகையில் அடித்த புயல் எங்கள் இலத்தூர் தோட்டத்து மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது பாறையும், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் நம்பிராஜனின் வாயும்தான்.

"ஏட்டி, மண்ணே போயிட்டு. இனி என்னத்த வெளையும்? பிளாட்டுக்குக் குடுத்துருவோம்."

அது என் அப்பா எனக்கு எழுதிவைத்த தோட்டம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பாறையில வெளைய வச்சுக் காட்டுதேன். பங்குனி உத்திரத்துக்குள்ள ஒத்தக் காய் காய்க்கலேன்னா கையெழுத்துப் போடுதேன், போதுமா?"

மிஷினில் கட்டின வைக்கோல் கட்டுகளை வாங்கிப் பாறைமேல் அடுக்கினேன். யூரியாத் தண்ணீர் ஊற்றி மக்கவிட்டு, சூடு தணிந்ததும் குழி பறித்து, தொழு உரம் போட்டுக் கத்தரி நாற்று நட்டேன். "ஆனந்தவள்ளி மாட்டுக்கு விருந்து வைக்கா" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன? பூத்தது. ஒரு காயும் பிடித்தது.

செடியோடு காட்ட வேண்டும் என்று பறிக்காமல் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! உத்திரத்தன்று காலையில் இவர் பிளாட் புரோக்கர் பால்வண்ணநாதனைக் கூட்டி வருவதற்குள், புயலில் விழுந்த வேலி வழியாக மாடன் கோயில் காளை புகுந்துவிட்டது. பாதி வைக்கோல், செடி, காய் எல்லாம் அதன் வாயில் போயிற்று.

விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடினேன். இவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"சாமி மாடுட்டி! அடிக்கக் கூடாது!"

திருடனை லத்தியால் வெளுத்த மனுஷர், காளைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"காய் எங்க?"

"அது வயித்துல இருக்கு."

"வயித்துல இருக்கது செல்லாது. போடு கையெழுத்த."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா, உங்கள் தோட்டம் போச்சு என்று மனதுக்குள் சொன்னேன்.

வயிறு நிறைந்த காளை, மிச்ச வைக்கோலை மிதித்துப் பரப்பி, நடுத் தோட்டத்தில் சாவகாசமாகப் படுத்தது. புரோக்கர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, மாடன் காளை படுத்த எடம். இங்கன நான் கல்லு ஊனுனா என் குடும்பம் வெளங்குமா? ஆள விடுங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். இவர் வாழைப்பழத்தை நீட்டி, "எந்திரிங்க சாமி, எந்திரிங்க" என்று சாயங்காலம் வரை கெஞ்சினார். பழம் போனது, காளை போகவில்லை.

மறுநாள் வண்டி நிறைய வைக்கோல் கட்டு வந்து இறங்கியது.

"இம்புட்டும் யாருக்கு?" என்றார் இவர்.

"பாதி கத்தரிக்கு, பாதி காவக்காரனுக்கு."

விழுந்த வேலியை மட்டும் நான் இன்னும் கட்டவில்லை.