ஆள் இல்லாத குரல்

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட ஆளைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. தண்ணீரில் செத்தது துணை தேடும். தெரிந்தவர் குரலில் கூப்பிட அதற்குத் தெரியும். மேட்டு வீட்டுப் பையன் அணையில் மூழ்கிச் செத்த அன்றே, ஊரில் மிச்சமிருந்த சின்னதுகளை எல்லாம் உட்கார வைத்து இதைச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? பெற்றவர்கள் எல்லாம் தெற்கே கடலோரம், குவாங்தோங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கிடக்கிறார்கள். பாதி ஊர் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளை யார் காப்பது, புத்தாண்டுக்கு அவர்கள் அனுப்புகிற சட்டையா?

ஃபெங் டீச்சருக்கு நான் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. சாங்ஷா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக் கொடுக்கிறவள். நாடு முன்னேறும்போது ஊருக்குள் என்னென்ன உடைகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. என் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். பெற்றவர்களைப் பிரிந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு செல்போன் கொடுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் தாய் பேசினால் பிள்ளை தேறுகிறதா என்று பார்ப்பாளாம். அந்தக் காலத்துப் பொத்தான் போன், முகமெல்லாம் தெரியாது.

"குரல் வந்து சேர்ந்தாலே பாதி அம்மா வந்த மாதிரிதான், அக்கா" என்பாள்.

"மீதிப் பாதிக்கு யார் சோறு ஊட்டுறது, டீச்சர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான். ஆனால் எதைச் சொன்னாலும் எழுதுகிறவளிடம் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

ரூயீ என் கொழுந்தன் மகள். ஏழு வயது. கொழுந்தன் போன இடம் தெரியவில்லை, அவன் பேச்சை விடுங்கள். என் ஓரகத்தி சுன்லான் செருப்புத் தொழிற்சாலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை என்னிடம்தான் வளர்கிறது. மேட்டு வீட்டுப் பையனைக் கரையில் கிடத்தியிருந்ததை ரூயீ பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் விடவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கஞ்சி வைத்தால் குடிக்க மாட்டாள், அம்மா போன் அடித்தால் எடுக்க மாட்டாள். கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்ப்பாள்.

பயத்தில் உயிர் வெளியே போய்விட்டால் அதைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். இருட்டும் நேரத்தில் பெற்றவள் வாசலில் நின்று, பிள்ளையின் சட்டையை ஆட்டி, வீட்டுக்கு வா என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பிள்ளை உள்ளேயிருந்து வந்துட்டேன் என்று சொன்னால் உயிர் திரும்பிவிடும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. பெற்றவள் கூப்பிட்டால்தான் வரும். சுன்லானுக்கோ லீவு இல்லை. வெளிநாட்டுக்குச் சரக்கு போகிற சமயம், வாசலைத் தாண்டினால் வேலை போய்விடும்.

"போன்ல கூப்பிடட்டுமே, அக்கா" என்றாள் ஃபெங் டீச்சர். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிள்ளைமேல் இருந்த பாசத்தில்தான் சொன்னாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியபோது சுன்லான் தொழிற்சாலை மாடிப்படியிலிருந்து பேசினாள். டீச்சர் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று சட்டையை ஆட்டினேன்.

"ரூயீ... வீட்டுக்கு வாம்மா."

பின்னால் இயந்திரச் சத்தம். குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. ரூயீ போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டாள்.

"ரூயீ... வீட்டுக்கு வாம்மா."

"வந்துட்டேன்னு சொல்லுடி தங்கம்" என்றேன்.

"ஆள் எங்க, பெரியம்மா?"

"போன்ல இருக்காடி."

"போன்ல ஆள் எப்படி இருக்கும்? மேட்டு வீட்டு அண்ணனுக்கும் தினம் போன் வரும். வீட்டுல சரியா கேக்கலன்னு அணைக்கட்டு மேல போய் நின்னு பேசுவான். அன்னைக்கும் அது கூப்பிட்டுத்தான் போனான்."

இது எனக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. அந்தப் பையனுக்கும் போன் கொடுத்தவள் அவள்தான். அவளைப் பார்க்க ஐயோ பாவம் என்று இருந்தது. நாலு வார்த்தை திட்டவும் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ரூயீ, நான்தான்டி. அம்மாடி" என்றாள் சுன்லான். அழுகிறாள்.

"அதுவும் அப்படித்தான் சொல்லும்" என்றாள் ரூயீ என்னிடம். பிறகு போனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "அம்மான்னா சொல்லு. எனக்கு எந்தப் பல்லு விழுந்திருக்கு?"

அந்தப் பக்கம் இயந்திரம் மட்டும் ஓடியது. எனக்குப் பதில் தெரியும், டீச்சருக்கும் தெரியும். டீச்சர் போனை வாயருகே கொண்டுபோனாள். சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ரூயீ கண் கொட்டாமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போனை இறக்கிவிட்டாள்.

"முன்பல்லு" என்றாள் சுன்லான், மெதுவாக. "மேல் முன்பல்லுதானேடி?"

ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள்.

"எனக்கு இன்னும் ஒரு பல்லுகூட விழலை" என்றாள் ரூயீ.

கட்டிலை விட்டு இறங்கினாள். அத்தனை நாள் எழுந்து நிற்க முடியாத பிள்ளை, வெறுங்காலோடு நடந்து வந்து டீச்சர் கையிலிருந்த போனை வாங்கிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"போயிடுச்சு, பெரியம்மா. பசிக்குது."

நெற்றியைத் தொட்டேன். வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. முட்டையைப் பொரித்து, மிளகாய் ஊறுகாயோடு சோறு போட்டேன். கிண்ணத்தை வாயில் சாய்த்து வாரி வாரித் தின்றாள். பிள்ளை பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுகைதான் வந்தது.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. டீச்சர் சுவரோரம் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். "எடுக்கலாமா, அக்கா?" என்றாள் நிமிராமலே. அங்கே மாடிப்படியில் நிற்கிறவளுக்குத் தன் மகள் இருக்கிறாளா போனாளா என்றுகூடத் தெரியாது. எடுத்தால் இங்கே காய்ச்சல் திரும்பிவிடும். என் கை போன் வரை போய்த் திரும்பியது.

ரூயீ வாயில் இருந்த சோற்றை விழுங்கினாள்.

"எடுக்காதீங்க, பெரியம்மா" என்றாள். "நாம யாரும் பதில் சொல்லலைன்னா, அது வேற வீட்டுப் பிள்ளைகிட்ட போயிடும்."