உருண்டையின் அம்மாவுக்காக

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவருக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகி வெகுகாலமாகப் பிள்ளை இல்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பெற்றவள் கடும் நோயில் மருத்துவமனையில் கிடந்தாள். அவள் தேறினால் குழந்தையைத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் இவர்களுக்கே. இல்லத்துப் பொறுப்பாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

"ரொம்ப ஒட்டிக்காத," என்று மனைவியிடம் சொன்னவர் கணவர்தான். முதலில் ஒட்டிக்கொண்டவரும் அவர்தான். கழுத்தே தெரியாத கன்னத்தைப் பார்த்து 'உருண்டை' என்று பேர் வைத்தார். கடை விட்டால் நேரே வீடு. அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எச்சிலாக்குவதுதான் உருண்டைக்கு விளையாட்டு. "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறேன், எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது," என்று கடையில் அலுத்துக்கொள்வார், பெருமையாக.

மனைவி விடிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்மூடி வேண்டிக்கொள்வாள். உருண்டையைப் பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டும் என்பது அதில் தவறாமல் வரும். அது அவர் காதிலும் விழும்.

உருண்டை நாற்காலியைப் பிடித்து நிற்கத் தொடங்கிய சமயம் பொறுப்பாளர் வந்தார். தாய் நன்றாகத் தேறிவிட்டாள், வெள்ளிக்கிழமை குழந்தையை அழைத்துப்போக வருகிறாள் என்றார்.

பொறுப்பாளர் கிளம்பிப் போனதும் கணவர் கதவைச் சாத்தினார்.

"நீ வேண்டி வேண்டியே வரவழைச்சுட்ட. இப்ப நிம்மதியா?" என்றார் கணவர்.

அவள் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வேற என்னன்னு வேண்டச் சொல்றீங்க? அவ சாகணும்னா?"

உள்ளுக்குள் தான் ஆசைப்பட்டது அதுதானோ என்று நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கடைக்குப் போகச் சட்டையை மாட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்க. கையால தூக்கி அனுப்பி வைங்க."

"என்னால ஆகாது."

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸைக் கோணலாக அறுத்துப் பாழாக்கினார். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒருமுறை தெருமுனை வரை போனார். யார் மேல் என்று தெரியாத கோபம் பிடித்து நிறுத்தியது. திரும்பி வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போயாச்சா?"

"ம். அந்தப் பொண்ணு இன்னும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கா. பிள்ளைய வாங்கினதும் அழுதுட்டா. தூங்குறப்ப காது மடலத் தடவி விடணும்னு சொல்லிக் கொடுத்தேன்."

"உருண்டை அழுதாளா?"

மறைத்துவிடலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. துணியைக் கீழே வைத்தாள். "இல்ல. கார்ல ஏத்துற வரைக்கும் எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தா. உங்களத்தான் தேடினா."

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒருமுறையாவது பார்க்க முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டார். தாய் தன் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள், குழந்தை அங்கே பழகட்டும் என்கிறாள் என்று பதில் வந்தது. அது நியாயம்தான். அதனால்தான் இன்னும் வலித்தது.

"உனக்குக் கோவமே வரலையா?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"வருது. கடவுள்கிட்டயே சொல்லி அழறேன்."

"என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கும் ஏன்னு புரியலங்க. ஆனா உருண்டையையும் நம்மளையும் அவர் கைல விட்டாச்சு. திருப்பி வாங்க எனக்கு மனசில்ல."

இப்போது காலையில் அவரும் அவள் பக்கத்தில் உட்காருகிறார். வேண்டிக்கொள்ள ஒன்றும் வாயில் வருவதில்லை. அன்று தூக்கி அனுப்பியிருக்கலாம் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சில நாள் அதையே முணுமுணுக்கிறார். பேருந்துக்கு நேரமானாலும் அவர் முடிக்கும்வரை அவள் எழுந்திருப்பதில்லை.