ஆறாயிரம் பேருக்கு அரிசிம்பருப்பு

கொரோனா வந்து போனதிலிருந்து அமுதவல்லிக்கு வாசம் தெரிவதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று சமையல் எடுத்துச் செய்கிறவள் இதை வெளியே சொன்னால் யார் கூப்பிடுவார்கள்? நாத்தனார் வசந்தாமணிக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு விசேஷத்திலும் அவள்தான் ஒரு வாய் அள்ளிப் போட்டுப் பார்த்துச் சொல்வாள். அப்படியே காலம் ஓடியது.

பள்ளிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். ஆறாயிரம் பேருக்கு அரிசிம்பருப்பு சாதம். விடிந்ததும் பன்னிரண்டு அண்டாக்கள் அடுப்பேறின. அண்டாவுக்கு ஐம்பது கிலோ அரிசி. சின்ன வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது கமிட்டித் தலைவர் பாலசுந்தரம் வந்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு சொல்லோணும். அம்மனுக்குப் படைக்கற வரைக்கும் ஆரும் வாயில வெக்கப்படாதுங்க."

"சரிங்க" என்றாள். அவர் போனதும் வசந்தாமணியைத் தேடிப் போனாள். ருசி பார்க்க முடியாத இடத்தில் சமையல்காரிக்கு மூக்குதான் துணை. அது அவளிடம் இல்லை.

"உண்மையச் சொல்லீட்டுப் போயிரலாமா?" என்று வசந்தாமணியிடம் கேட்டாள்.

"அடுப்பு எரியறப்போ எங்க அண்ணி போறது? எனக்கு மூக்கு இருக்குதுல்ல."

"மூக்கு இருந்தாப் போதுமா? என்ன வாசம்னு பிரிச்சுச் சொல்லோணும்."

"நீங்க கேளுங்க. நான் சொல்றேன்."

இருவரும் அண்டா அண்டாவாக நடந்தார்கள். பூண்டு பச்சையாக அடிக்கிறதா? அடிக்கிறது. இன்னும் வதக்கு. சீரகம் முன்னால் வருகிறதா, மிளகாயா? மிளகாய்தான், தொண்டையைப் பிடிக்கிறது. சரி, தண்ணீரை ஊற்று. உப்பை மட்டும் அமுதவல்லி தன் கையாலேயே அள்ளிப் போட்டாள். இருபது வருடமாக அள்ளிய கை, அதை நம்பினாள்.

ஏழாவது அண்டாவில் வசந்தாமணி சட்டென்று நின்றாள். "அண்ணி, தீயற மாதிரி இருக்குதுங்க."

"கிண்டாதீங்க!" அமுதவல்லி போட்ட சத்தத்தில் உதவிக்கு வந்து துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் விலகினார்கள். விறகை வெளியே இழுத்தாள். அடிச்சோற்றைத் தொடாமல் மேலே இருந்ததை மட்டும் வேறொரு காலி அண்டாவுக்கு மாற்ற வைத்தாள். பிறகு வசந்தாமணியைப் பார்த்தாள். வசந்தாமணி குனிந்து மூச்சை இழுத்தாள். "இல்லீங்க. தீஞ்ச வாசம் இல்ல."

பதினோரு மணிக்கு அம்மனுக்குப் படைத்தார்கள். கோயில் மணி நின்றதும் பன்னிரண்டு அண்டாக்களின் மூடிகளையும் ஒன்றாகத் திறந்து நெய் ஊற்றினார்கள். ஆவி பந்தல் கூரை வரைக்கும் எழுந்தது. அமுதவல்லிக்கு முகத்தில் சூடு பட்டது. அவ்வளவுதான்.

அப்போதுதான் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முதல் பந்தியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். அடுத்து அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். அதற்கப்புறம் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள். அப்பனின் தோளில் இருந்த குழந்தை அழுகையை விட்டுவிட்டு அடுப்பின் பக்கம் கையை நீட்டியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோனில் நெய்துகொண்டிருந்த ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். காற்றில் வயல் சாய்வதைப் போலத் தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே போயின. ஆறாயிரம் பேரின் இரைச்சல் அப்படியே அடங்கியது. தான் சமைத்த வாசம் போகிற வழியை அமுதவல்லி கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அழுவறீங்களா?"

"பாரு வசந்தா, எவ்வளவு தூரம் போகுதுன்னு பாரு."

மூன்று மணி வரைக்கும் பந்தி நடந்தது. கடைசி அண்டாவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தபோது பாலசுந்தரம் வந்தார். "இப்படியொரு ருசி இந்த ஊர்ல ஆரும் கண்டதில்லீங்க."

இனி மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "எனக்கு வாசமே தெரியாதுங்க. இவ மூக்கை வெச்சுத்தான் சமைச்சனுங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு இலைகளைத் தானே எடுத்து வந்து விரித்தார்.

"காலையிலிருந்து ஒண்ணுமே வாயில வெக்கலயே ரெண்டு பேரும். உக்காருங்க சாமி, நான் போடறேன்."