தலைவருக்கு நேரமில்லை

ஐந்து சங்கங்களுக்குத் தலைவர் மெய்யப்பன். ஈப்போவில் இரும்புக்கடை அவர் பெயரில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டது மனைவி செகப்பி. சிலிம் ரிவர் பக்கம், மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் வருஷா வருஷம் இலவச மருத்துவப் பரிசோதனை முகாம் நடத்துவார். இது ஏழாவது. ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான். உடம்பைக் கவனிக்க வருஷத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா, நம்ம ஆளுங்களுக்குப் பொறுப்பே கிடையாது என்பார். பேசி முடித்துப் பொன்னாடை வாங்கிக்கொண்டு, ரத்தம் பார்க்கும் நர்ஸ் மிஸிமார் உட்கார்ந்திருக்கும் மேசைகளைத் தாண்டி நேரே காருக்குப் போய்விடுவார்.

அவர் கடைசியாக ரத்தம் கொடுத்துப் பார்த்தது மகள் கவிநயா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் படித்தபோது. கவிநயாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவர் மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்கிறதைப் பார்த்தே செகப்பிக்கு இனிப்புநீர் நோயோ என்று சந்தேகம். இரண்டு முறை கிளினிக்கில் நாள் வாங்கி வைத்தாள். ஒரு நாள் திறப்பு விழாவுக்குப் போய்விட்டார், மறு நாள் காதுகுத்துக்கு. அதோடு சொல்வதை விட்டுவிட்டாள். மேடையில் அவர் பொறுப்பு பொறுப்பு என்று முழங்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து, ஜிப்பாவுக்குள் திமிறும் அந்தத் தொந்தியைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருக்கும்.

இந்த வருஷம் முதலில் உட்கார எல்லாரும் தயங்கினார்கள். மிஸி தேவிஸ்ரீ மைக்கை வாங்கி, தலைவரே தொடங்கி வைக்கட்டும் என்றாள். படம் பிடிப்பவர் வேறு தயாராக நின்றார். மெய்யப்பன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ரத்த அழுத்தம் இருநூற்று நாலு. மெஷின் கோளாறு என்றார். வேறு மெஷின் கொண்டுவந்தார்கள், இருநூற்று ஆறு. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் இனிப்புநீர் பத்தொன்பது, இருக்கவேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். காலையில் கேசரி சாப்பிட்டேன் என்றார். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று மிஸி தணிந்த குரலில் சொன்னாள்.

"முடியாதும்மா. நாலு மணிக்குத் தஞ்சோங் மாலிம்ல திறப்பு விழா இருக்கு. நான் என்ன இவங்கள மாதிரி சும்மாவா இருக்கேன்?"

வரிசையில் நின்ற அர்ச்சுனன் கார் தொழிற்சாலையில் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர். பக்கத்தில் கலாதேவி தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையில் அரை நாள் லீவு கேட்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கி வந்தவள்.

செகப்பி எழுந்து வந்து அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள்.

"இவங்கள்லாம் வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. சும்மா இருக்கிற ஆளு இங்க நீங்க ஒருத்தர்தான். எந்திரிங்க, போலாம்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்தார்.

ஆறு நாள் வார்டில் இருந்தார். இடது கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருந்தன. இரண்டு வருஷம் முன்பு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கண்ணில் இனி மங்கலாகத்தான் தெரியும். செகப்பிக்கு அழுகை வந்தது. வந்த அழுகை மேல் எரிச்சலும் வந்தது.

அடுத்த மாதமே அவர் மேடை ஏறிவிட்டார். நான் நடத்திய முகாம்தான் என் உயிரைக் காப்பாற்றியது என்று பேசினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் அவளுடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

அவள் அப்போது ஆஸ்பத்திரியில் மார்புப் பரிசோதனைக்கு வரிசையில் இருந்தாள். அவருடைய விழாக்களுக்குப் பலகாரம் கட்டிக்கொண்டு நாலு வருஷம் தள்ளிப்போட்டது. காலையில் இன்றைக்குப் பரிசோதனை என்று அவள் சொன்னபோது, என் வேட்டிய யாரு தேய்ப்பா என்றுதான் அவர் கேட்டார். வேட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள். அவரை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்பது நினைக்க நினைக்கக் கசந்தது.

ஒரு இடத்தில் சின்னதாக ஏதோ தெரிகிறது, பயப்படும்படி இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள்.

"வாரேன்," என்று தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.